எனக்கு நன்கு தெரிந்தவர்

போன மாதம் என் தம்பி பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க, அம்பத்தூரில் எங்கள் பழைய கட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் நான் தட்டெழுத்தராக உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது எழில் என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசிக்கொண்டே கைபேசியில் இரண்டு சிபாரிசுக் கடிதங்களை அனுப்பி முடித்துவிட்டாள். தலைப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதற்குள்ளேயே தயாராக இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

"ஆன்ட்டி, உங்க காலத்துல லெட்டர் கேட்டு வந்தவங்கள பெஞ்சுல உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, கதையெல்லாம் கேப்பீங்களாமே? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

வேலை தலைக்கு மேல் இருந்தது. அந்த பெஞ்சு வந்ததே நான் செய்த ஒரு தப்பால்தான். அதை நின்ற வாக்கில் அவளிடம் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. அப்பா ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் தச்சர். பள்ளி இறுதி முடித்ததும் தட்டச்சு லோயர், ஹையர், பிறகு தமிழ்ச் சுருக்கெழுத்து என்று மூன்று வருஷம் விரல் தேயப் படித்தேன். பாங்க் உத்தியோகம் கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் ஜெபம் பண்ணினார்கள். கிடைத்ததோ கட்சி அலுவலகம். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, கூட்டம் என்றால் அப்பாவும் கூட வருவார் என்ற நிபந்தனையோடு அனுப்பினார்கள். அப்பா அப்படித் துணைக்கு வந்து வந்தே கடைசியில் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்பது வேறு கதை.

எங்கள் தலைவர் பெயர் தணிகாசலம். பூந்தமல்லிப் பக்கம் நாற்று நட்டுக் களை எடுத்த குடும்பம். அவரே அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர்தான். தொழிற்சங்கம், பிறகு கட்சி, பிறகு இந்த வட்டாரம் முழுவதற்கும் தலைவர் என்று அறுபதுகளின் நடுவிலேயே பெரிய ஆளாகிவிட்டார். இங்கிலீஷும் சங்க வேலைக்காகத் தானே படித்துக்கொண்டதுதான். ஆனாலும் பேச்சு மட்டும் கடைசி வரை பட்டறைப் பேச்சாகவே இருந்தது.

அவரிடம் சில பழக்கங்கள் உண்டு. வந்தவர் நின்றுகொண்டிருந்தால் இவர் உட்கார மாட்டார். எங்கள் அலுவலகத்தில் அப்போது மூன்றே நாற்காலி, அதில் ஒன்று என்னுடையது. ஆகவே தலைவர் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் கட்சி நடத்தினார். இன்னொன்று, பெயர் அவருக்கு நிற்காது. எல்லாரும் 'நைனா'தான். ஆனால் முகம் மறக்கவே மறக்காது. "பேரு இன்னா பேரு, அத்த மாத்திக்கலாம். மூஞ்சிய மாத்த முடியுமா?" என்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் திருநின்றவூரில் ஒரு தடவை பார்த்தவரைக்கூட, "உன் மாடு கன்னு போட்டுச்சா நைனா?" என்று கேட்டு அசத்திவிடுவார்.

கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து, மறுநாள் தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்புவது என் வேலை. எனக்குச் சுருக்கெழுத்து சொல்லிக் கொடுத்தவர், 'காதில் விழுவதை எழுது, யோசிக்காதே' என்று பழக்கியிருந்தார். நானும் அப்படியே எழுதுவேன். பேச்சுக்கு நடுவில் 'தண்ணி குடு', 'அந்த லைட்டத் திருப்பு' என்று தலைவர் சொல்வதெல்லாம் நோட்டில் ஏறிவிடும். மறுநாள் தட்டச்சுத் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் தும்முனதையும் எழுதிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே அடித்துவிடுவார். தாளில்தான் அடிப்பார். நோட்டில் அது அப்படியே இருக்கும்.

ஆவடியில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். ஏரிகள் நிரம்பி வழிந்த ஐப்பசி மாதம். தலைவர் பேச எழுந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. ஜனம் கலையவில்லை, கோணிப்பையைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றது. மைக் செட் போட்டிருந்த தேசிங்கு ஒரு கையால் வயரையும் மறு கையால் என் தலைக்கு மேல் குடையையும் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். மேடையின் முன்பக்கத்துப் பந்தக்கால் மண் இளகிச் சாயத் தொடங்கியது. யாரோ ஒருவர் ஓடிவந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் பேச்சை நிறுத்தவே இல்லை. நானும் எழுதுவதை நிறுத்தவில்லை. பந்தலும் விழவில்லை. மறுநாள் எனக்கும் தேசிங்குக்கும் சேர்ந்து காய்ச்சல் வந்தது.

இதற்கு அப்புறம் ஏழரை வருஷம் போல ஆனது. ஒரு தேர்தலில் தலைவர் ஜெயித்தார், அடுத்ததில் தோற்றார். அந்தச் சமயத்தில் தில்லியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தீவு நாட்டுக்கு அவரைத் தூதராக நியமிக்க உத்தேசம், சம்மதமா என்று. அந்த நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே தோட்டத்திலும் துறைமுகத்திலும் நம் ஆட்கள் நிறைய இருந்தார்கள். தொழிலாளி பாஷை தெரிந்த ஒருவர் வேண்டும் என்று யாரோ புண்ணியவான் யோசித்திருக்கிறார்.

"அண்ணாத்தே, தூதர்னா இன்னா வேல?" என்று தேசிங்கு கேட்டார்.

"நம்ம ஜனம் அங்க கீது இல்ல, அதுக்கு நான் வார்டு மெம்பர் மாதிரி. அவ்ளோதான்" என்றார் தலைவர்.

அவ்வளவுதான் என்று அவர் நினைத்தது தப்பு. தில்லியிலிருந்து மூன்று பக்கத்துக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு வந்தது. அந்த நாட்டு அதிபரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுக்கும் சடங்குக்கு உரியது. வாசலில் நின்று தலை வணங்க வேண்டும். நடுவில் வந்து மறுபடி வணங்க வேண்டும். பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது. திரும்பும்போது முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடக்க வேண்டும். அதைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தேன். "வா, இத்த ஒத்திக பாத்துடலாம்" என்றார்.

அலுவலகக் கூடத்தில் நாற்காலி போட்டு என்னை அதிபராக உட்கார வைத்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் ஒரு நாட்டை ஆண்டது அன்றைக்குத்தான். தேசிங்கு வாயாலேயே பேண்டு வாசித்தார். தலைவர் வாசலில் வணங்கினார், நடுவில் வணங்கினார், பத்திரத்துக்குப் பதில் நகராட்சித் துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. நீட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி, எதிரே இருந்த சுவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"தலைவரே, அங்க ஜனமே இருக்க மாட்டாங்க!" என்றேன்.

"ஜனமே இல்லாத எடத்துல இன்னாத்துக்கும்மா இவ்ளோ கும்புடு?"

ஐந்தாவது ஒத்திகையில் முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்தார், நடந்து தேசிங்கின் மேல் மோதினார். மூன்று நிமிஷப் பேச்சுதான் கடைசி வரை வரவே இல்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிஷம் முடியும்போது அவர் 'வணக்கம்' சொல்லி முன்னுரைக்கே அப்போதுதான் வந்திருப்பார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் வந்து, என்ன ஏது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு மூன்று வாரப் பயிற்சிக்காகத் தலைவர் தில்லிக்குப் போனார். போவதற்கு முன் தன் லெட்டர்பேடில் இருபது தாளில் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கல்லூரியில் இடம், ஆஸ்பத்திரியில் படுக்கை, வேலை என்று சிபாரிசு கேட்டு வருவோருக்கு நாங்கள் கொடுக்கும் கடிதத்தில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'இக்கடிதம் கொண்டு வருபவர் பத்து ஆண்டுகளாக எனக்கு நேரில் நன்கு தெரிந்தவர்.'

"அவசரம்னா இதுல அடிச்சிக் குடு. ஆனா எனக்குத் தெரியாத ஆளுக்கு ஒண்ணும் குடுக்காத. கையெழுத்துன்றது வாக்கும்மா" என்றார்.

பத்தொன்பது தாளை ஒழுங்காகத்தான் கொடுத்தேன். எல்லாரும் எனக்கே தெரிந்த கட்சிக்காரர்கள். இருபதாவது தாளுக்கு வந்தவர் பருத்திப்பட்டு எத்திராஜ். வெல்டர். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை என்று ஓர் ஏஜெண்டு அழைத்துப் போகிறாராம், தலைவர் போகும் அதே தீவுக்கு. "தலைவரே அங்க வராருல்ல, அப்பால இன்னா பயம்?" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. துறைமுகத்துக்கு வேன் அன்று மதியமே கிளம்புகிறது, நல்ல ஆள் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

"தலைவருக்கு உங்களத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அம்பத்தூரில் யாரைக் கேட்டாலும் தலைவருக்கு என்னைத் தெரியும் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியாதா என்ன? ஆனால் அன்றைக்கு மின்விசிறி ஓடவில்லை, பின்னால் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள், அந்த மனிதர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மெஷினில் செருகினேன். பத்து ஆண்டுகளாக நேரில் நன்கு தெரிந்தவர் என்று தடதடவென அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

தலைவர் தீவுக்குப் போய் ஒரு வருஷம் ஓடியது. வாரம் தவறாமல் கடிதம் போடுவார். அதிபர் மாளிகையில் மூன்று நிமிஷத்தில் பேசி முடித்ததை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். திரும்பும்போது மட்டும் பாதியில் மறந்துபோய்க் கும்பிட்டாராம். அதிபரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கும்பிட்டாராம். தேசிங்கு அந்தக் கடிதத்தை மைக்கில் படிக்காத குறை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும்போது தந்தி வந்தது. இங்கிலீஷில் நான்கைந்து வரி. பருத்திப்பட்டு எத்திராஜ் என்பவர் பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே தடுப்பு முகாமில் இருக்கிறார். கையில் என் கடிதம் இருக்கிறது. எனக்கு ஆளைத் தெரியவில்லை. யார் இவர்? செவ்வாய்க்குள் பதில்.

என்ன நடந்தது என்பதைத் தலைவர் பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். பட்டறையை மூடிவிட்டார்கள். ஏஜெண்டு எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மற்றவர்கள் ஊரிலிருந்து வேறு காகிதங்களை வரவழைத்துத் தப்பித்துவிட்டார்கள். எத்திராஜிடம் இருந்தது என் கடிதம் ஒன்றுதான். ஊருக்குத் திரும்ப அவசரச் சான்று வேண்டும். முறைப்படி போனால் தாள் தில்லிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்து, போலீஸ் விசாரித்து, திரும்பிப் போக ஆறு மாதம். அந்த நாட்டுக்காரர்களோ புதன்கிழமை அவர் மேல் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள்.

தூதரகத்தில் தலைவருக்கு அடுத்த அதிகாரி சட்டம் தெரிந்தவர், பரீட்சை எழுதி வந்தவர். அவர் கடிதத்தை மேசைமேல் வைத்து, "ஐயா, தூதருக்கே ஒருவரை நேரில் தெரியும் என்றால் இன்றைக்கே சான்று கொடுக்க விதி இருக்கிறது. உங்கள் கையெழுத்துதான் இது. தெரியும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்றாராம். தலைவர் எத்திராஜைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மூஞ்சியை மறக்காத மனிதருக்கு அந்த மூஞ்சி பிடிபடவில்லை. இளைத்துத் தாடி வளர்ந்திருந்ததாலா என்றால் அதுவும் இல்லை, பார்த்த முகமாகவே தோன்றவில்லை. தெரியும் என்று எழுதினால் அது பொய். தெரியாது என்று எழுதினால் தான் கையெழுத்துப் போட்டதே பொய் என்று ஆகும், எத்திராஜும் சிறைக்குப் போவார். எழுதாமல் எனக்குத் தந்தி அடித்திருக்கிறார்.

தந்தியை வைத்துக்கொண்டு நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'கட்சியின் பழைய தொண்டர், உங்களுக்குத் தெரிந்தவர்தான், மறந்துவிட்டீர்கள்' என்று பதில் கொடுத்தால் தலைவர் என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எத்திராஜும் வந்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். பொய் சொல்ல வேண்டாம் என்று எனக்குத் தேவாலயத்து ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த யோசனை ஒரு மணி நேரம் என்னைவிட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஞாயிறு. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பூசைக்குப் போகாமல் ஆவடிக்கு பஸ் ஏறினேன். இறங்கி பருத்திப்பட்டுக்கு நடந்தேன். எத்திராஜ் வீட்டில் யாரும் இல்லை. அவர் மனைவி பச்சையம்மாள் ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் லீவு.

யார் என்று சொன்னதும் கையிலிருந்த புடவையைக் கல்லில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். என் மேல் பட வேண்டியது கல்லின் மேல் பட்டது.

"லெட்டரு அடிச்சிக் குடுத்தது நீதானா? அத்த நம்பித்தான்மா அது போச்சு! நாலு மாசமா ஒரு காயிதம் இல்ல. உசுரோட கீதா, இல்லையா, அத்தயாவது சொல்லு!"

"உசுரோட இருக்காரு. தலைவர் நேர்ல பாத்திருக்காரு" என்றேன்.

அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பால இன்னா? தலைவரு பாத்துட்டாருல்ல, அனுப்பிடுவாரு" என்றார்.

"அதான் பிரச்சினை. தலைவருக்கு அவரைத் தெரியலையாம்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலையா? எம்புருசனத் தெரியலையா தலைவருக்கு? அவரு மயையில பேசிகினு கீறப்ப பந்தக்கால ரெண்டு மணி நேரம் கட்டிப் புட்சிகினு நின்னது யாரு? அந்தக் கால்ல கீற ஆணி இந்த எடது கையில பூந்து, ரத்தம் ஊத்தி, அப்பவும் உடாம நின்னது யாரு? எறங்கி வந்து தன் துண்டக் கியிச்சிக் கட்னவரு அவுருதானே!"

பச்சையம்மாள் ஈரப் புடவையோடு என்னை வீட்டுக்கு இழுத்துப் போனார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். எங்கள் கட்சிக் கரை போட்ட துண்டில் பாதி. எத்தனை தடவை துவைத்தும் போகாத கறை அதில் பழுப்பாக இருந்தது.

"இத்த ஏன்மா அவர் எங்கிட்ட சொல்லல? வரிசையில வந்து நின்னப்ப சொல்லியிருக்கலாமே!"

"அது அப்டித்தான். செஞ்சத சொல்லிக் காட்டாது" என்றார் பச்சையம்மாள். "தலைவருக்கு என்னத் தெரியும்னு சொல்லியிருக்கும். சொல்லுச்சா?"

சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

நேராக அலுவலகத்துக்கு வந்து பழைய சுருக்கெழுத்து நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். மழைக் கூட்டத்து நோட்டு ஈரத்தில் உப்பிப் பலகை போல ஆகியிருந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தேன். விலைவாசி, கூலி உயர்வு, கைதட்டல் என்று போய்க்கொண்டே இருந்த இடத்தில், அழிந்தும் அழியாமலும் என் கையெழுத்து: 'பந்தக்காலப் புடிச்சிகினு கீற நைனா, கைய மாத்திக்கோ, வலிக்கப் போவுது.' இரண்டு பக்கம் தள்ளி மறுபடியும்: 'நைனா, இன்னும் அஞ்சே நிமிசம்.' அதற்கப்புறம் பதினெட்டுப் பக்கம் பேசியிருந்தார்! நாற்காலியில் தனியாக உட்கார்ந்து நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆவடித் தபால் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமையும் தந்தி எடுப்பார்கள். முதல் வரியில் என் தப்பை எழுதினேன். நீங்கள் பார்க்காத ஆளுக்கு நான் கடிதம் அடித்துக் கொடுத்தேன், மன்னிக்கவும். அதற்கப்புறம்: ஆவடி மழைக் கூட்டம். பந்தக்கால். ஆணி. உங்கள் துண்டு. இடது உள்ளங்கையைப் பார்க்கவும்.

கவுண்டரில் இருந்தவர் இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னாமா இது, கை, ஆணி, பந்தக்காலுன்னு... ஜோசியமா?"

"ஆமா சார், கைரேகை. சீக்கிரம் அனுப்புங்க" என்றேன்.

திங்கள் முழுவதும் பதில் இல்லை. செவ்வாய் மதியம் வரை ஒரு கடிதத்தையும் என்னால் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. பச்சையம்மாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டே அவரே பேசத் தொடங்கினார். எத்திராஜ் எங்கே பிறந்தார், எப்படி வெல்டிங் கற்றார், பெண் பார்க்க வந்தபோது வெட்கத்தில் பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டது வரைக்கும். இதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு முன்னால், அந்த மனிதரையே உட்கார வைத்து நான் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. மூன்று மணிக்குத் தந்தி வந்தது.

'உள்ளங்கை பார்த்தேன். நன்கு தெரிந்தவர். வருகிறார்.'

பச்சையம்மாளுக்குப் படித்துச் சொன்னேன். அவர் என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். வீதியில் போன தேசிங்கு என்ன சத்தம் என்று உள்ளே ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டதும் மைக் செட் எடுக்கப் போய்விட்டார்.

தூதரகத்தில் நடந்ததைத் தலைவர் பிறகு எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தந்தி கிடைத்ததும் முகாமிலிருந்து எத்திராஜை வரவழைத்து, "கையக் காட்டு நைனா" என்றிருக்கிறார். உள்ளங்கைக்குக் குறுக்கே விரல் தடிமனுக்குத் தழும்பு. தலைவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"மூஞ்சிய நான் பாக்கலையேய்யா! கோணிய மாட்டிகினு நின்ன. கையத்தானே பாத்தேன்! இங்க வந்து மூணு தபா நின்னியே, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நீங்கதான் என்னத் தெரியும்னு எழுதிக் கையெழுத்தே போட்டுக் குட்த்துகிறீங்களே தலைவரே. அதுக்கு மேல நான் தனியா இன்னாத்த சொல்றது?" என்றாராம் எத்திராஜ்.

அந்தச் சட்ட அதிகாரி சான்றை எழுத உட்கார்ந்தார். எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், பத்து என்று போடட்டுமா என்று கேட்டார். தலைவர் விரல் விட்டு எண்ணினார். "இல்ல சார். எட்டு. எட்டுன்னே போடுங்க" என்றாராம். அன்றிலிருந்து அந்த அதிகாரிக்கும் தலைவருக்கும் அப்படி ஒரு சிநேகம். அந்த அதிகாரி ஓய்வு பெற்ற பிறகு அம்பத்தூருக்கு வந்து எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எத்திராஜ் ஆவடி ஸ்டேஷனில் வந்து இறங்கிய நாளை நான் மறக்க மாட்டேன். தேசிங்கு நடைமேடைக்கு வெளியே மைக் கட்டி, தலைவரைத் தாங்கிய தோழரே வருக என்று அலறிக்கொண்டிருந்தார். எத்திராஜ் அதைக் கேட்டு, ரயிலைவிட்டு இறங்கவே கூச்சப்பட்டு வாசலில் நின்றார். பச்சையம்மாள்தான் ஏறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அந்த இடது கையைத்தான். நான் முன்னால் போய், "மன்னிச்சிடுங்க அண்ணே" என்றேன். "இன்னாத்துக்கும்மா? ஒன் லெட்டருதான் என்ன இட்டாந்துச்சு" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தலைவர் இன்னும் இரண்டு வருஷம் தூதராக இருந்துவிட்டுத் திரும்பினார். ஆவடியில் வரவேற்புக் கூட்டம். மூன்றே நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜனம் ஏமாந்துபோய்க் கூச்சல் போட்டது. மறுபடி எழுந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அப்பாடா, தலைவர் கெட்டுப்போகவில்லை என்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் நான் பழைய வழக்கப்படி இருபது லெட்டர்பேடு தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. என் தப்புக்காக அந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. தேசிங்கை அனுப்பி ஒரு நீள பெஞ்சு வாங்கி வரச் சொன்னார். "வர்ற ஆளு இதுல உக்காரட்டும். நீயும் உக்காரு. ஒரு டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும் அவங்கள பேசச் சொல்லு. அதுக்கப்புறம் அடி" என்றார். எழிலின் கேள்விக்கு இதுதான் பதில்.

எழுபதுகளின் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஓய்வூதியம் உள்ள வேலை. அம்மாவின் ஜெபம் பதினைந்து வருஷம் தாமதமாகப் பலித்தது. அந்தப் பள்ளியில் முந்தைய இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் கேட்டார்கள். தலைவரிடம் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன்.

"லெட்டரா? அந்த பெஞ்சுல உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவரே எதிர்க்கடைக்குப் போய் டீ வாங்கி வந்தார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "பேரு இன்னா? எந்த ஊரு? இன்னா வேல தெரியும்?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து டீ புரையேறியது. தேசிங்கு என் தலையில் தட்டினார். நான் தட்டச்சு செய்ய எழுந்தபோது தலைவர் தடுத்துவிட்டு, தன் கைப்படவே எழுதினார். பெயர் நிற்காத மனிதர், என் பெயரை மட்டும் பிழையில்லாமல் முழுசாக எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, வேலை முடிந்து ஓய்வு பெறும்போது என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதன் கடைசி வரிகள் இவை:

'ரெஜினா அவர்கள் எனக்கு நன்கு தெரிந்தவர். இவர் என் பெயரில் அடித்த ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒரே ஒரு கடிதத்தில்தான் பொய் இருந்தது. அதிலும் இரண்டு வருஷம் மட்டும்தான் பொய்.'